கண்ணைச் சுற்றிக் கை வைக்கும் முன்

"யக்கா, கண்ணுக்குக் கீழ இருக்குற கருப்பு போறதுக்கு ஏதாவது போட்டு விடுங்களேன்."

கோவில்பட்டியில் பார்லர் வைத்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. புருவம் எடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர், நான் நூலைப் பல்லில் கடிப்பதற்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் நானும் கையில் கிடைத்த டப்பாவைத் திறந்து எதையாவது தடவி அனுப்பியவள்தான். இப்போது ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிப் போகிறேன். ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் எந்தக் கண்ணும் குழி விழுந்துதான் தெரியும். பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

நான் டாக்டர் இல்லை. என் கண்ணிமையை நானே கெடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தவள். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எந்தக் கருப்பு?

வாசல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியைப் பிடித்து மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். வெளிச்சம் கண்ணுக்குக் கீழே நேராக விழும். கருப்பு பாதி காணாமல் போனால் அது வெறும் நிழல். கன்னத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளத்தின் நிழல் விழுகிறது. இளைத்தவர்களுக்கும், வயது ஏற ஏற எல்லாருக்கும் இது வரும். உலகத்தில் இருக்கிற எந்தக் கிரீமும் பள்ளத்தை மேடாக்காது.

அடுத்து, கீழிமைத் தோலை ஒரு விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே தோலோடு நகர்ந்து வந்தால் அது நிறமி. நம் ஊர்த் தோலில் அதிகம் பார்ப்பது இதுதான். இழுக்கும்போது நீலமோ கத்தரிப்பூ நிறமோ இன்னும் பளிச்சென்று தெரிந்தால், அடியில் ஓடுகிற ரத்தக்குழாய் தெரிகிறது என்று அர்த்தம்.

பலருக்கும் இந்த மூன்றில் இரண்டு வகையாவது கலந்திருக்கும். அதோடு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "அம்மாவுக்கும் இப்படித்தானா?" ஆமாம் என்றால், போனில் இருக்கிற குடும்பப் போட்டோவை எடுத்துப் பார்ப்போம். பாட்டி, அம்மா, சித்தி, எல்லார் கண்ணும் ஒரே அச்சாக இருக்கும். ரத்தத்தில் வந்ததைக் குறைக்கலாம், துடைத்து எடுக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் பணமும் மிச்சம், என் பெயரும் மிச்சம்.

இன்னொன்றும் பார்ப்பேன். கீழிமையைக் கொஞ்சம் கீழே தள்ளி உள்பக்கம் வெளிறி இருந்தால், "ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாம்மா" என்று அனுப்பிவிடுவேன். ரத்தசோகையில் முகம் வெளிறினால் கண்ணடிக் கருப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. என் நாற்காலியில் உட்காருகிறவர்களைப் பார்த்தால் அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஹீமோகுளோபின் எட்டில் இருக்கிற பெண்ணுக்கு நான் கிரீம் விற்றால் அது பாவம்.

கசக்குகிற கை

சின்ன வெங்காயம் உரிக்கும்போது, காய்ந்த சருகெல்லாம் போன பிறகு வெங்காயத்தோடு ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு வருமே, இமைத்தோலை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. உள்ளங்காலில் அதைவிடப் பல மடங்கு. இமைக்கு அடியில் மெத்தை மாதிரிக் கொழுப்பும் கிடையாது. எண்ணெய்ச் சுரப்பிகளும் மூக்கு, நெற்றியில் இருக்கிற மாதிரி இல்லை. சீக்கிரம் வறண்டு போகும், சீக்கிரம் சுருங்கும், எதைத் தடவினாலும் சட்டென்று உள்ளே இழுக்கும். நாமோ நாள் முழுக்க அதைத்தான் கசக்குகிறோம்.

ஒரு டீச்சர் வருவார்கள். வருஷக்கணக்காகக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். விலை கூடின கிரீம் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு நாள் ஃபேசியலுக்குப் படுத்திருந்தபோது எண்ணினேன். அரை மணி நேரத்தில் பதினோரு தடவை கண்ணுக்குக் கை போயிற்று. அவர்களுக்கே அது தெரியவில்லை. அரிப்பு, தேய்த்தால் சுகம், தேய்க்கத் தேய்க்க இன்னும் அரிப்பு. தேய்க்கிற இடத்தில் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறமியைக் கூட்டும். கண் டாக்டரிடம் அனுப்பினேன். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அரிப்பு நின்றது, கை நின்றது. நாலு மாதம் கழித்துக் கருப்பு முக்கால்வாசி வெளுத்திருந்தது. நான் போட்டது ஒன்றுமே இல்லை.

எங்கள் ஊரில் தூசிக்குப் பஞ்சமில்லை. கரிசக்காட்டுக் காற்றில் ஸ்கூட்டியில் போய்விட்டு வந்தால் இமையில் ஒரு படலம் படிந்திருக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளைகள் மருந்து பட்ட கையோடு கண்ணைத் துடைப்பார்கள். சமையலறையில் மிளகாய் கிள்ளிய கை, வேர்த்தால் முந்தானை நுனி, குளித்துவிட்டு வந்தால் சொரசொரப்பான துண்டு. எல்லாமே அந்தச் சவ்வின் மேல்தான்.

அரிக்கும்போது செய்யச் சொல்வது இதைத்தான். சுத்தமான வேட்டித்துணித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து ஒரு மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரீசரில் வேண்டாம். அரிப்பு வந்தால் மூடிய கண்ணின் மேல் அதை வைத்து ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். தேய்க்கக் கூடாது, வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். தினமும் புதுத் துணி. பிள்ளைகள் ஓயாமல் கண்ணைக் கசக்கினால் "தூக்கம் வருது" என்று விட்டுவிடாதீர்கள். வருஷக்கணக்காக அழுத்திக் கசக்கினால் கருவிழியே மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் வரும் நோய்க்கு அது வழி விடும். தோல் கருப்பதைவிடப் பெரிய சேதம்.

மை எடுப்பது

என்னிடம் வருகிற மணப்பெண்களுக்கு மேக்கப் போட்டு முடித்ததும் இதைத்தான் பாடம் எடுப்பேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண்டபத்திலிருந்து வந்து, அலுப்பில் சோப்புப் போட்டு முகத்தை அரக்கித் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். வாட்டர்ப்ரூஃப் மை சோப்புக்கு மசியாது. பாதி போகும், மீதி இமை மடிப்பில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வரவேற்புக்குக் கண் இரண்டும் சிவந்து நிற்கும்.

லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கையைக் கழுவிவிட்டு அதைக் கழற்றுங்கள். இரண்டு பஞ்சுத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய். கண்ணை மூடி, பஞ்சை இமை மேல் வைத்து, முப்பது எண்ணுங்கள். இந்த முப்பதை யாரும் எண்ணுவதில்லை, பத்திலேயே இழுத்துத் துடைத்துவிடுகிறார்கள். எண்ணெய் மையைக் கரைக்கிற வரை கைக்கு வேலையே கிடையாது. பிறகு பஞ்சை மேலிருந்து கீழாக, முடி வளர்ந்திருக்கிற வாட்டத்திலேயே ஒரே இழுப்பாக எடுங்கள். திருப்பி மடித்து இன்னொரு முறை. கீழிமைக்கு, எண்ணெய் தொட்ட பட்ஸை வெளி ஓரத்திலிருந்து மூக்குப் பக்கமாக நகர்த்தினால் போதும். கண்ணுக்குள் கொஞ்சம் எண்ணெய் போனால் பார்வை சற்று மங்கலாகும், தண்ணீர் விட்டால் தெளிந்துவிடும். கடைசியில் வாசனை இல்லாத, நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ் கொஞ்சம் போட்டு எண்ணெயைக் கழுவிவிடுங்கள். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மையும் மஸ்காராவும் ஆளுக்கு ஒன்று. அக்கா தங்கைக்குள்கூட மாற்றக் கூடாது. மஸ்காரா திறந்து மூன்று மாதம் ஆனால் குப்பைக்கு. மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தால், அப்போது பயன்படுத்தினது எல்லாமே குப்பைக்கு. விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தடவுவது

கண்ணுக்கென்று தனிக் கிரீம் வேண்டுமா? பதினைந்து கிராம் டப்பாவுக்கு எழுநூறு எண்ணூறு கொடுக்க மனசிருந்தால் வாங்குங்கள். என் அபிப்பிராயம், வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர் முகத்துக்கு ஒத்துக்கொண்டால் கண்ணோரத்துக்கும் அதுவே போதும். ரொம்ப வறட்சி என்றால் ராத்திரி அதன் மேல் துளி பெட்ரோலியம் ஜெல்லி.

அளவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு துவரம்பருப்பு. அதற்கு மேல் எடுத்தால் காலையில் கண் வீங்கித்தான் எழுந்திருப்பீர்கள். தடவுகிற இடம் முக்கியம். கண்ணைச் சுற்றி விரலை ஓட்டினால் ஓர் எலும்பு வளையம் தட்டுப்படும். அந்த எலும்பின் மேல்தான் தடவ வேண்டும், இமைமுடி வரை கொண்டுபோக வேண்டாம். உடம்புச் சூட்டில் அது தானாக உள்ளே நகர்ந்து வரும். ஆள்காட்டி விரலுக்குப் பலம் அதிகம், அது தோலை இழுத்துவிடும். மோதிர விரலால் சோளப்பொரி பொரிகிற மாதிரி மெல்லத் தட்டித் தட்டி விடுங்கள்.

கருப்பு நிறமியாக இருந்தால் வைட்டமின் சி, நியாசினமைடு சேர்ந்த கிரீம் கொஞ்சம் உதவும். இரண்டு மூன்று மாதமாவது ஆகும், பத்து நாளில் கண்ணாடியை முறைத்துப் பார்க்கக் கூடாது. மெல்லிய சுருக்கத்துக்கு ரெட்டினால் நல்லது, ஆனால் அது காரமான சரக்கு. முகத்தின் மற்ற இடத்தில் பழகிய பிறகு, குறைந்த அளவில், வாரம் இரண்டு ராத்திரி, முதலில் மாய்ஸ்சரைசர் தடவி அதன் மேல். உரிந்தால் நிறுத்திவிடுங்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுகிறவர்களும் தொடவே கூடாது. கஃபீன் சேர்த்த ஜெல் ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் சுருக்கும். காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் பழைய கதைதான். ஒரு கல்யாணத்துக்கோ இன்டர்வியூவுக்கோ சரி.

பள்ளத்துக்கு ஊசி போட்டு நிரப்புகிற ஃபில்லர் சிகிச்சை இருக்கிறது. அதைத் தெரிந்த தோல் டாக்டர்தான் போட வேண்டும். மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் கண் பார்வையே போகிற ஆபத்து, அபூர்வமாக என்றாலும், உண்டு. "இப்பல்லாம் பார்லர்லயே போடுறாங்களே" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். என் கடையில் நூல் உண்டு, ஊசி கிடையாது.

வெயிலை மறந்துவிட்டு எந்தக் கிரீம் போட்டாலும் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கண்ணோரத்துக்கு ஜிங்க் ஆக்சைடு சேர்ந்தது எரிச்சல் குறைவு. ஸ்டிக் மாதிரி வருவது வேர்வையில் கண்ணுக்குள் வழிவதில்லை. வெளியிலேயே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். கூடவே 'யுவி 400' என்று போட்ட கூலிங்கிளாஸ். எங்கள் ஊரில் நடுத்தர வயதுப் பெண் கூலிங்கிளாஸ் போட்டால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். நான் போட ஆரம்பித்து எட்டு வருஷம். வெயிலுக்குக் கண்ணை இடுக்குகிற பழக்கம் போனதே கண்ணோரக் கோடுக்குப் பாதி மருந்து.

நான் கெடுத்துக்கொண்ட கதை

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. முன்நெற்றியில் நரை கூட ஆரம்பித்தது. கடையில் மீந்திருந்த கருப்பு டையை நானே கலந்து தலையில் பூசிக்கொண்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் "டெஸ்ட் பண்ணாம போடாதீங்க" என்று சொல்கிற வாய்க்குத் தனக்கென்றால் அவசரம். இரண்டாவது நாள் காலையில் எழுந்தால் கண்ணே திறக்கவில்லை. இரண்டு இமையும் குழிப்பணியாரம் மாதிரி. தலையில் லேசான அரிப்பு மட்டும்தான். தலைத்தோல் தடிமன், அது தாங்கிக்கொள்ளும். வழிந்த டையோ, டை பட்ட விரலோ கண்ணைத் தொட்டாலும் இமை தாங்காது. கருப்பு டையில் இருக்கிற பி.பி.டி. என்ற ரசாயனம் பலருக்கு இந்த வேலையைச் செய்யும். சட்டென்று கருப்பாகப் பிடிக்கிற 'கருப்பு மருதாணி'யிலும் பெரும்பாலும் அதுதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு மெடிக்கலில் கேட்டு ஆயின்மென்ட் வாங்கினேன். சீட்டும் கேட்கவில்லை, பேரும் சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் வீக்கம் வடிந்தது, சிவப்பு போயிற்று, தோல் கொஞ்சம் வெளுத்து வேறு தெரிந்தது. அந்த வெளுப்பில்தான் மயங்கிவிட்டேன். கண்ணுக்குக் கீழேயும் தடவ ஆரம்பித்து ஐந்து மாதம் ஓட்டினேன். ஒரு வாரம் நிறுத்தினால் நெருப்பு மாதிரி எரியும், மறுபடியும் தடவினால் அடங்கும். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டர் அம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பீட்டாமெத்தசோன், ஸ்டீராய்டு. இமைத்தோலை இன்னும் மெல்லிசாக்கும், சின்ன ரத்தக்குழாய்களை வெளியே கொண்டுவரும். நாள்பட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும், புரை விழும். உடனே கண் டாக்டரிடம் அனுப்பி அழுத்தம் பார்க்கச் சொன்னார்கள். என் நல்ல காலம், சரியாக இருந்தது. அந்த எரிச்சல் முழுக்க அடங்க எட்டு மாதம் பிடித்தது.

அதனால் இதை நான் கத்திச் சொல்வேன். ட்யூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டசால் என்று எது எழுதியிருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டாசோன் மூன்றையும் கலந்து வருகிற கிரீமை 'வெள்ளைக் கிரீம்' என்று நினைத்துப் போடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். 2018-இல் இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தாயிற்று. சட்டம் அங்கே இருக்கிறது, ட்யூப் பக்கத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. டாக்டரே எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம். எத்தனை நாள் என்று கேட்டு அத்தனை நாளோடு நிறுத்துங்கள்.

டை போடுகிறவர்களுக்கு: கலந்த டையில் ஒரு துளி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ வைத்து 48 மணி நேரம் பாருங்கள். போன தடவை ஒத்துக்கொண்டதே என்று விட வேண்டாம், அலர்ஜி எந்தத் தடவையும் வரலாம். புதுக் கிரீம் என்றால் முன்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணுக்குக் கொண்டுபோங்கள்.

இமை மட்டும் அரித்து உரிகிறது, முகத்தில் போடுவதெல்லாம் நிறுத்தியும் சரியாகவில்லை என்றால், கை நகத்தைப் பாருங்கள். ஒரு பேங்க் வேலைப் பெண்ணுக்கு மூன்று மாதம் இந்தத் தொல்லை. நெயில் பாலிஷை நிறுத்தச் சொன்னேன், பதினைந்து நாளில் நின்றது. பாலிஷ் போட்ட விரல் கண்ணைத் தொடத் தொட, விரல் நன்றாக இருக்கும், இமை கோபித்துக்கொள்ளும்.

அடுப்படி வைத்தியம்

வெள்ளரிக்காய்? வையுங்கள். குளிர்ச்சிதான் அதில் இருக்கிற மருந்து, நனைத்த துணியும் அதையே செய்யும். உருளைக்கிழங்கும் அப்படியே. ஆறிய டீத்தூள் பை குளிர்ச்சியோடு கொஞ்சம் கஃபீனும் கொடுக்கும், கேடில்லை.

எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம். அமிலம் எரிக்கும், அதோடு வெயிலில் போனால் பட்ட இடம் புண்ணாகிக் கருத்துவிடும். கருப்பைப் போக்கப் போட்டு நிலையான கருப்பை வாங்கி வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். பற்பசை, ஆப்ப சோடா, தலைவலித் தைலம் எதுவும் கண் பக்கம் கூடாது. தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்த கையைக் கழுவாமல் படுப்பதும் இதில் சேர்த்திதான். தேங்காய் எண்ணெய் வறட்சிக்கு நல்லது, கருப்பை எடுக்காது.

காலை வீக்கத்துக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டைப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் என்று உப்பை ஏற்றிவிட்டுப் படுத்தால், உடம்பில் தங்கின நீர் படுத்த நிலையில் முகத்தில் வந்து நிற்கும். எழுந்து நடமாடினால் பத்து மணிக்குள் வடிந்துவிடும். இன்னொரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எவர்சில்வர் ஸ்பூனை ஃபிரிட்ஜில் வைத்திருந்து அதன் முதுகை மூடிய கண்ணுக்குக் கீழே ஒரு நிமிஷம் வைத்தால் சீக்கிரம் வடியும். ஐஸை நேராக வைக்காதீர்கள்.

மத்தியானம் வரை வடியாத வீக்கம் வேறு. கூடவே கால் வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால் கிட்னி டெஸ்ட். எடை கூடி, முடி கொட்டி, எப்போதும் குளிர்கிற மாதிரி இருந்தால் தைராய்டு டெஸ்ட். ஒரு கண் மட்டும் திடீரென்று சிவந்து சூடாக வீங்கி, காய்ச்சல் அடித்து, கண்ணை உருட்டினால் வலித்து, பார்வை மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கண்கட்டிக்கு எங்கள் பக்கம் உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடு வைப்பார்கள், நாமக்கட்டி இழைத்துப் பூசுவார்கள். சூடு என்கிற யோசனை சரியானது. ஆனால் கழுவாத விரலால் வைப்பதைவிட, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வையுங்கள். பிதுக்காதீர்கள்.

பொரிப்பொரியாக வருவது

கண்ணுக்குக் கீழே ரவை மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் அது மிலியா. தோலுக்குள் மாட்டிக்கொண்ட செதில்தான், கொழுப்பு இல்லை. ஊசியால் குத்த வேண்டாம். கனமான கிரீமை நிறுத்தினால் சில சமயம் தானே போகும், இல்லாவிட்டால் தோல் டாக்டர் எடுத்துவிடுவார். தோல் நிறத்திலேயே கும்பலாக இருந்தால் பெரும்பாலும் வேர்வைக் குழாயில் வருகிற சிரிங்கோமா. தொந்தரவில்லை, கிரீமுக்கும் அடங்காது.

மூக்கோரமாக இமையில் மஞ்சளாகத் தட்டையாகப் படிந்திருந்தால் நான் தொடவே மாட்டேன், கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு அனுப்பிவிடுவேன். எல்லாருக்கும் அது கூடியிருக்காது, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. கண்ணைச் சுற்றியும் கழுத்துப் பிடரியிலும் சேர்ந்து வெல்வெட் மாதிரித் தடித்துக் கருத்திருந்தால் சர்க்கரைக்கும் பார்க்க வேண்டும். கண் அழுத்த நோய்க்குப் போடுகிற சில சொட்டு மருந்துகளும் இமையைக் கருப்பாக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கண் டாக்டரிடம் சொல்லுங்கள்.

புருவம் எடுக்கும்போது இமையை இரண்டு கையாலும் நன்றாக இழுத்துப் பிடியுங்கள். பிடி தளர்ந்தால் நூல் தோலைக் கவ்விவிடும். எடுத்த அன்று அந்த இடத்தில் ரெட்டினாலும் வேண்டாம், பவுடரும் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் போதும்.

ஆச்சி வைத்த மை

என் ஆச்சி மை கூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் முக்கி நிழலில் காயப் போடுவாள். மூன்று தடவை முக்கி, மூன்று தடவை காய வேண்டும். அதைத் திரியாகத் திரித்து விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே செம்புத் தட்டைக் கவிழ்ப்பாள். விடிந்ததும் தட்டின் அடியில் பூனை முடி மாதிரிக் கரி படிந்திருக்கும். கோழி இறகால் வழித்து, விளக்கெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குழைத்து, பித்தளைச் சிமிழில் அடைப்பாள். எங்கள் எல்லாருக்கும் அதுதான்.

கரி கரிதான். கண்ணுக்குள் போனால் உறுத்தும், விரலில் இருக்கிற கிருமியையும் கூட்டிக்கொண்டு போகும். கல்லைப் பொடித்து வருகிற சுர்மா இன்னும் மோசம், அதில் ஈயம் இருக்கலாம். கைக்குழந்தை கண்ணில் எந்த மையும் வைக்காதே என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். மை வைத்தால் கண் பெரிதாகும் என்பதெல்லாம் பேச்சு. பெரியவர்கள் வைப்பதானால் இமைமுடிக்கு வெளியே ஒரு கோடு, உள்விளிம்பில் வேண்டாம். அந்த விளிம்பில்தான் கண்ணீர் காய்ந்து போகாமல் காக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் வரிசையாக இருக்கிறது. மை அதை அடைத்துவிடும்.

போன வருஷம் பேத்தி பிறந்தபோது என் மதினி கேட்டாள், "என்ன, பார்லர் வச்சிருக்கவ பேத்திக்கு மை கூட வைக்க மாட்டியா?" உள்ளே போய் டிராயரில் இருந்த ஆச்சியின் சிமிழைத் தேடி எடுத்து வந்தேன். பிள்ளையின் இடது உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மூடினேன்.